சின்னக் குழந்தைகளோடு தீம் பார்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் மாதம் பிறந்தால் போதும், சொந்தக்காரர்களும் பள்ளி வாசலில் நிற்கும் அம்மாக்களும் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். நான்கு வருடங்களில் ஏழு முறை தீம் பார்க் போய் வந்தவள் என்கிற ஒரே தகுதிதான் காரணம். தாம்பரத்தில் வீடு. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே எழுதிவிட்டேன். சென்னையைச் சுற்றியுள்ள பூங்காக்களை மனத்தில் வைத்து எழுதியது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் இதைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்களே உங்களை இழுத்துக்கொண்டு போவார்கள்.

எந்த வயதில் கூட்டிக்கொண்டு போகலாம்?

வயதை விடுங்கள். வீட்டுக் கதவு நிலையில் பிள்ளையை நிற்கவைத்து, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டு, டேப்பால் அளந்துகொள்ளுங்கள். அன்றைய நாள் எப்படிப் போகும் என்பதை அந்த அளவுதான் தீர்மானிக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, மூன்று வயதுக் குழந்தையின் சராசரி உயரம் ஏறத்தாழ 95 செ.மீ., ஐந்து வயதில் 110 செ.மீ. பெரிய ரோலர் கோஸ்டர்களுக்கும் தலைகீழாகச் சுற்றும் ராட்டினங்களுக்கும் பெரும்பாலும் 120, 130, 140 என்று கேட்பார்கள். அதாவது, விளம்பரத்தில் பார்த்து நீங்கள் ஆசைப்பட்ட எதிலும் உங்கள் ஐந்து வயது மகன் ஏற முடியாது. இதை வீட்டிலேயே அவனுக்கும் சொல்லிவிடுங்கள். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு, அளவுகோல் பலகைக்கு முன்னால் தெரியவந்தால் அழுகை நிற்காது. மகள் விஷயத்தில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு செ.மீ. தானே குறைகிறது, மடியில் வைத்துக்கொண்டால் ஆகாதா?

ஆகாது. பெரும்பாலான இருக்கைகளில் ஒரே பாதுகாப்புக் கம்பி இரண்டு பேருக்கும் சேர்த்து இறங்கும். அது அப்பாவின் தொடையில் முட்டியதும் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். வண்டி மேலிருந்து விழும்போது அந்த இடைவெளி வழியாகத்தான் உடம்பு நழுவும். மடியில் உட்காரவைத்தால் இன்னும் மோசம். அந்த வேகத்தில் எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

காவலாளியிடம் "எப்படியாவது விடுங்க சார்" என்று கெஞ்சும் அப்பாக்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். ஒருமுறை ஒருவர் பிள்ளைக்குக் குதிகால் உயர்ந்த செருப்பு போட்டே கூட்டி வந்திருந்தார். மறுக்கிற ஊழியர் மீது கோபப்படாதீர்கள். கெஞ்சினால் விட்டுவிடுகிற ஊழியர் இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

சென்னையிலிருந்து எங்கே போகலாம்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி., அதைத் தாண்டி முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., பெங்களூர் நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் பக்கம் குயின்ஸ்லேண்ட். 2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லாவும் வந்துவிட்டது.

மூன்று நான்கு வயதுக்காரர்களுக்கு எது சிறந்தது என்று கேட்டால், உங்கள் வீட்டுக்கு எது பக்கமோ அதுதான் சிறந்தது என்பேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த வயதில் ஏறக்கூடியவை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: சின்ன ரயில், குதிரை ராட்டினம், கோப்பை ராட்டினம், குட்டி டேஷிங் கார், முழங்கால் அளவுத் தண்ணீர். அதற்காகக் கூடுதலாக ஒரு மணி நேரம் காரில் பிள்ளைகளைச் சமாளிப்பானேன்? வி.ஜி.பி.க்குப் போகிறவர்கள் வெயில் தாங்காவிட்டால் அதே வளாகத்தில் மீன் காட்சியகம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அதற்குத் தனி டிக்கெட். குளிரூட்டப்பட்ட இருட்டில், தலைக்கு மேல் மீன்கள் நீந்துவதைப் பார்த்தபடி என் மகன் அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை. அவன் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி கடைசி, பிப்ரவரி, ஜூலை, ஆகஸ்ட். மே மாதம் பள்ளி விடுமுறை என்று எல்லோரும் கிளம்புகிறோம். அதே நாட்களில்தான் கத்திரி வெயிலும் மே 4 முதல் 28 வரை கொளுத்துகிறது. வெயிலில் கிடந்த இரும்பு இருக்கையில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்த பிள்ளை போடுகிற கூச்சல் பயத்தால் வருவது அல்ல, சூட்டால் வருவது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; இடி இடித்தால் உயரமான ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள், தண்ணீரிலிருந்தும் வெளியேற்றுவார்கள்.

காணும் பொங்கலன்று அந்தப் பக்கமே வேண்டாம். கடற்கரைச் சாலை முழுக்க ஊரே நிற்கும்.

வார நாள் என்றால் கூட்டம் இருக்காது என்று நம்பி ஒரு ஜனவரி வியாழக்கிழமை போனோம். வாசலில் பதினோரு பள்ளிப் பேருந்துகள். சுற்றுலாக் காலத்தில் வார நாட்கள் பள்ளிகளுக்குச் சொந்தம். முந்தின நாள் பூங்காவுக்கு ஒரு போன் போட்டு, "நாளைக்குப் பள்ளிக் குழுக்கள் எத்தனை வருகின்றன?" என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

அன்றைய நாளை எப்படித் திட்டமிடுவது?

பிள்ளை மதியம் எத்தனை மணிக்குத் தூங்கும் என்று பாருங்கள். திட்டம் அங்கிருந்து தொடங்குகிறது. என் மகன் ஒன்றரைக்குத் தூங்குவான். தூங்காவிட்டால் மூன்று மணிக்கு வேறு ஒரு பிறவி ஆகிவிடுவான். ஆகவே கதவு திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும். முதல் ஒன்றரை மணி நேரம்தான் பொற்காலம்: வெயில் ஏறியிருக்காது, வரிசை இருக்காது, குதிரை ராட்டினத்தில் இறங்கி மறுபடியும் ஏறலாம்.

பெரியவர்கள் இந்த நேரத்தில் செய்யும் தவறு, ரோலர் கோஸ்டரில் கூட்டம் இல்லையே என்று அங்கே ஓடுவது. பிள்ளைகளின் ராட்டினங்களை முதலில் முடியுங்கள். பதினொன்றரைக்குச் சாப்பாடு. எல்லோரும் ஒரு மணிக்குச் சாப்பிட வரும்போது நீங்கள் தண்ணீர்ப் பக்கம் போய்விடலாம். பல பூங்காக்களில் தண்ணீர் விளையாட்டுகள் முற்பகல் முடியும் தறுவாயில்தான் திறக்கின்றன. ஒரு மணி நேரம் நனைந்த பிள்ளை தானாகவே தூங்கிவிடும். நிழலில் ஒரு துண்டு விரித்துப் போடுங்கள். கணவனும் மனைவியும் முறைவைத்து ஆளுக்கொரு பெரிய ராட்டினம் போய் வரலாம். எங்கள் வீட்டில் அதற்கு "ஷிப்ட்" என்று பெயர்.

நான்கு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். கொடுத்த காசுக்கு மூடும்வரை இருக்க வேண்டும் என்று தோன்றும். ஞாயிறு மாலை ஐந்துக்கு மேல் மாமல்லபுரத்திலிருந்து திரும்புகிற கார்கள் எல்லாம் அந்தச் சாலையில் சேரும்போது, ஈரத்தலையோடு, பசியோடு, சிறுநீர் முட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகள் பின்னிருக்கையில் இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

வீட்டுச் சாப்பாட்டை விடுவார்களா?

பெரும்பாலும் விடமாட்டார்கள். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். கைக்குழந்தைக்கான கஞ்சி, பால், மருந்துக்குத் தடை இருக்காது. ஆனால் நாலு வயதுக்காரனுக்காகக் கொண்டுபோன தயிர் சாதத்தைக் குழந்தை உணவு என்று வாதாடி நான் ஒருமுறை ஜெயித்திருக்கிறேன், இரண்டு முறை தோற்றிருக்கிறேன்.

எளிய வழி: காரிலேயே டப்பாக்களை வைத்துவிட்டு, வெளியே வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்ப நுழையலாமா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். கைப்பட்டை இருந்தால் சில இடங்களில் அனுமதிக்கிறார்கள். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, புளிசாதம் இரண்டும் காரின் சூட்டைத் தாங்கும். தயிர் சாதம் மே மாதத்தில் பதினொன்றரைக்கே புளித்துவிடும். பாலில் பிசைந்து, கொஞ்சம் மட்டும் உறை மோர் விட்டு எடுத்துப் போனால் சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். இதை என் மாமியாரிடம் கற்றேன். வீட்டுத் தண்ணீர் பாட்டிலும் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் பையில் இருக்கட்டும்.

என்ன உடை போடுவது?

தண்ணீரில் இறங்க நைலான் அல்லது லைக்ரா உடைதான் என்று பல பூங்காக்கள் கண்டிப்பாக இருக்கின்றன. பருத்தித் துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். சறுக்கில் ஒட்டிக்கொண்டு பாதி வழியில் நிறுத்தும். நூல் நூலாகப் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். அங்கே வாடகைக்கும் கிடைக்கிறது. யார் யாரோ போட்டது என்று அருவருப்பவர்கள் தி.நகரிலோ வண்ணாரப்பேட்டையிலோ முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.

சுற்றுகிற எதிலும் ஏறுவதற்கு முன்னால் துப்பட்டாவைக் கழற்றிப் பையில் வையுங்கள், பின்னலை உள்ளே சொருகுங்கள். பிள்ளைக்குக் கொலுசு, வளையல், தொங்கட்டான், தங்கச் சங்கிலி எதுவும் வேண்டாம். முதல் முறை போனபோது மகளின் வெள்ளிக் கொலுசு சறுக்கின் இணைப்பில் மாட்டிக்கொண்டது. கொலுசுதான் அறுந்தது, கால் தப்பித்தது.

முழங்கால் அளவுத் தண்ணீர்தானே, கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. மற்றவற்றில் எப்படி வேண்டுமானாலும் இருங்கள், இதில் மட்டும் நான் சொல்வதைக் கேளுங்கள்.

சினிமாவில் வருவது மாதிரி மூழ்குகிறவர்கள் கத்துவதில்லை. மூச்சுவிடவே வாய் போதாதபோது கத்துவதற்குக் காற்று எங்கிருந்து வரும்? கை தூக்கவும் மாட்டார்கள். ஒரு நிமிடத்துக்குள், சத்தமே இல்லாமல், பக்கத்தில் பத்துப் பேர் ஆடிக்கொண்டிருக்கும்போதே நடந்து முடிந்துவிடும். சின்னக் குழந்தைக்கு முகம் முங்குகிற அளவுத் தண்ணீர் போதும். கையை நீட்டினால் பிள்ளை கைக்கு எட்ட வேண்டும், அதுதான் தூரம். கையில் போன் இருக்கக் கூடாது. "நான் பார்க்கிறேன்" என்று இரண்டு பெரியவர்களும் நினைத்துக்கொள்வதுதான் ஆபத்து. எங்கள் வீட்டில், இப்போது யார் பொறுப்பு என்பதை வாய்விட்டுச் சொல்லித்தான் கைமாற்றுவோம்: "இனிமேல் நீங்க." "சரி, நான்."

புஜத்தில் மாட்டும் காற்றடைத்த பலூன் வளையங்களை நம்பாதீர்கள். அவை விளையாட்டுப் பொருள்; நழுவும், காற்று இறங்கும். பூங்காவில் கொடுக்கும் மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கி, பக்கிள்களை நீங்களே போடுங்கள்.

அலைக்குளத்தில் விசில் ஊதியதும் எல்லோரும் ஓவென்று கத்தியபடி உள்ளே ஓடுவார்கள். பல குளங்களில், ஆழமான முனையில் இருக்கும் அறைகளுக்குள் காற்றை அழுத்தித்தான் அலையை உண்டாக்குகிறார்கள். அது கரை வரை வந்து, திரும்பும்போது காலை இழுக்கும். பெரியவர்களுக்கு அது சுகம். ஒரு மீட்டர் உயரப் பிள்ளைக்குக் கால் தரையை விட்டுப் போய்விடும். மேலே விழுகிற ஆட்களும் உண்டு. அலை நிற்கிற இடைவேளையில் மட்டும் கரையோரம் விளையாடவிடுங்கள்.

டயபர் போட்ட குழந்தையைத் தண்ணீரில் இறக்கலாமா?

சாதாரண டயபர் தண்ணீரை உறிஞ்சி உப்பி, சிறிது நேரத்தில் வெடிக்கும். நீச்சலுக்கென்று விற்கும் டயபர் மலத்தை ஓரளவு தடுக்கும், சிறுநீரைத் தடுக்காது. கண் எரிகிறதே, குளோரின் அதிகம் போட்டுவிட்டார்கள் என்று திட்டுகிறோமே, அந்த நெடியும் எரிச்சலும் பெரும்பாலும் குளோரின் மனிதர்களின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் பொருளால் வருவது. ஆகவே இறங்குவதற்கு முன் குளிப்பாட்டுங்கள். அரை மணிக்கு ஒருமுறை கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வயிற்றுப்போக்கு இருந்த பிள்ளையை இரண்டு வாரத்துக்குத் தண்ணீர்ப் பக்கமே விடாதீர்கள். அதை உண்டாக்கும் ஒரு வகைக் கிருமி குளோரின் கலந்த தண்ணீரிலும் பல நாட்கள் உயிரோடு இருக்கும்.

கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிட்டால்?

எங்களுக்கு நடந்தது. மகனுக்கு மூன்று வயது. எந்தப் பூங்கா என்பது வேண்டாம், தவறு எங்களுடையது. நான் அவரிடம் இருக்கிறான் என்று நினைத்தேன், அவர் என்னிடம் என்று நினைத்தார். எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தை எழுதப் போவதில்லை.

பஞ்சுமிட்டாய்க்காரர் பக்கத்தில் நின்றவனை ஓர் ஊழியர் அறிவிப்பு அறைக்குக் கூட்டிப் போயிருந்தார். "அம்மா பேர் என்ன?" "அம்மா." "அப்பா பேர் என்ன?" "என்னங்க." நான் வீட்டில் அப்படித்தானே கூப்பிடுகிறேன்! ஒலிபெருக்கியில் "என்னங்க என்பவரின் மகன் இங்கே இருக்கிறான்" என்றா அறிவிக்க முடியும்? அழிபடாத பேனாவால் கையில் எழுதியிருந்த போன் எண்தான் எங்களைச் சேர்த்துவைத்தது.

அதனால்: முதலில், பிள்ளைக்கு உங்கள் இருவர் பெயரையும் சொல்லிக்கொடுங்கள். எண்ணை முன்கையின் உட்புறம் அழிபடாத பேனாவால் எழுதுங்கள். சாதாரண பால்பாயின்ட் பேனா தண்ணீரில் போய்விடும். உள்ளே நுழைந்ததும் அன்றைய உடையோடு ஒரு போட்டோ. பளிச்சென்ற ஆரஞ்சு, பச்சை உடைகள் கூட்டத்தில் தெரியும். குளங்களின் நிறமே நீலம் என்பதால் நீல உடையைத் தவிருங்கள். காணாமல் போனால் நின்ற இடத்திலேயே நில், சீருடை போட்டவரையோ குழந்தையோடு இருக்கும் ஓர் அம்மாவையோ கேள் என்று பழக்குங்கள். நீங்கள் தேடத் தொடங்கும் அதே நொடியில் ஒருவர் வாசலுக்கு ஓட வேண்டும். தேடும்போது தண்ணீர் இருக்கும் இடத்தை முதலில் பாருங்கள்.

தாத்தா பாட்டியை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஆனால் பை காக்கும் வேலைக்காக அழைத்துப் போகாதீர்கள். என் மாமியார் முதல் முறை நாள் முழுக்க ஆறு பைகளுக்கு நடுவே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அடுத்த முறை லாக்கர் எடுத்தோம். அவர் பேத்தியோடு சின்ன ரயிலில் ஏறினார். பிறகு யாரும் கேட்காமலே ராட்சத ராட்டினத்துக்கு வரிசையில் நின்றார். இதய நோய், ரத்தக் கொதிப்பு, முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் எதில் ஏறக் கூடாது என்று ஒவ்வொன்றின் வாசலிலும் எழுதியிருக்கும்.

வி.ஜி.பி.யில் பல வருடங்கள் அசையாமல் நின்ற சிலை மனிதரை அவர் தலைமுறை மறக்கவில்லை. சிரிக்கவைக்க என்னென்ன சேட்டை செய்தார்கள் என்பதை என் மாமனார் காரில் நடித்தே காட்டினார். பிள்ளைகள் அன்று அதிகம் சிரித்தது அதற்குத்தான்.

கோப்பை ராட்டினத்தில் பிள்ளைக்கு வாந்தி வருகிறதே?

உள்காதில் உள்ள திரவம் சுற்றுகிறோம் என்று சொல்ல, கண் அதற்குப் பொருந்தாத ஒன்றைச் சொல்ல, மூளை குழம்புவதால் வருவது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஏற்றுங்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விடுங்கள். எங்கள் வீட்டில் வாந்தி எடுப்பது பிள்ளைகள் இல்லை, அவர்களின் அப்பா.

ராட்டினம் பாதுகாப்பானதா என்று எப்படித் தெரியும்?

இயந்திரத்தை நம்மால் சோதிக்க முடியாது, ஆளைப் பார்க்கலாம். ஒரு சுற்று முழுவதும் வெளியே நின்று கவனியுங்கள். ஊழியர் ஒவ்வொரு கம்பியையும் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, போனைப் பார்க்கிறாரா? உயரத்தை அளக்கிறாரா? ஒரு ராட்டினம் திடீரென்று நின்றால் காரணம் சொல்கிறார்களா? மனம் ஒப்பாவிட்டால் டிக்கெட் வீணானாலும் பரவாயில்லை என்று திரும்பிவிடுவேன். ஏறிய பிறகும் என் பிள்ளையின் பெல்ட்டை நானே ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன்.

பிள்ளை பயந்து அழுதால் ஒருமுறை ஏற்றிப் பழக்கிவிடலாமா?

வேண்டாம்.

எவ்வளவு செலவாகும்?

டிக்கெட் விலையைப் போல ஒன்றரை மடங்கு எடுத்துக்கொண்டு போங்கள். பார்க்கிங், லாக்கர், உடை வாடகை, சாப்பாடு, நீங்கள் கேட்காமலே எடுத்து அச்சடித்து நீட்டும் போட்டோ என்று கைநீட்டல்கள் உண்டு. அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை. பூங்கா வாசலில் அந்தக் கணக்கு செல்லாது. பல இடங்களில் உயரத்தை வைத்தே கட்டணம். வொண்டர்லாவில் 85 செ.மீ.க்குக் குறைந்த குழந்தைக்கு இலவசம், அதற்கு மேல் 140 வரை குழந்தை டிக்கெட். முன்பதிவு செய்யும்போது விலையை மறுபடி சரிபாருங்கள். நாளுக்கு நாள் மாறும்.

திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

வெந்நீரில் தலைக்கு ஊற்றுங்கள், காதைத் துடையுங்கள், ரசம் சாதம் கொடுத்துப் படுக்கவையுங்கள். என்ன பிடித்தது என்று மட்டும் அன்றே கேட்காதீர்கள். "கழிவறையில் கையைக் காட்டினால் தானாகத் தண்ணீர் வருகிற குழாய்" என்றான் என் மகன். நாங்கள் நான்கு பேருக்குச் செலவழித்த தொகையை நினைத்து அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இன்னொன்று. ஈரத்துணிப் பையை அன்றிரவே காரிலிருந்து எடுத்துவிடுங்கள். நாங்கள் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை போய்விட்டுப் புதன்கிழமை எடுத்தோம்.